கை படாத பட்டம்

மாநிலப் பள்ளிகளுக்கான மல்யுத்தப் போட்டியில் மிகக் குறைந்த எடைப் பிரிவின் சாம்பியன் ஆனபோது ஊசிக்கு மல்யுத்தம் தெரியாது. பட்டம் வாங்கிய பிறகும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு மனிதன் அந்தப் பட்டத்தை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கைதான் சாட்சி.

ஊசி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அம்மா தையல்காரி, பையன் ஒல்லி. வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சீருடை தைப்பவள். மற்ற பிள்ளைகளுக்கு அளவாகத் தைப்பாள். தன் மகனுக்கு மட்டும் "சதை போடுவான்" என்று பக்கவாட்டில் தாராளமாகத் துணி விட்டு உள்மடித்துத் தைப்பாள். மகன் மேலே மேலே வளர்ந்தானே தவிர பக்கவாட்டில் வளரும் எண்ணமே அவனுக்கு இல்லை. காற்றடித்தால் சட்டை ஒரு திசையிலும் அவன் ஒரு திசையிலும் நிற்பார்கள்.

அந்தச் சட்டைதான் உடற்பயிற்சி ஆசிரியரின் கண்ணில் பட்டது. மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதருக்குப் பல வருடக் கவலை ஒன்று இருந்தது. மல்யுத்தத்தில் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு பள்ளி ஓர் ஆளை அனுப்பலாம். அவன் எத்தனையாவதாக வருகிறானோ அதற்கேற்ற புள்ளிகள் பள்ளியின் கணக்கில் சேரும். மாஸ்டரிடம் நல்ல கட்டுமஸ்தான பையன்கள் இருந்தார்கள். எல்லோரும் நடுப் பிரிவுகளிலும் மேல் பிரிவுகளிலும்தான். கீழே இருந்த கடைசிப் பிரிவு வருடா வருடம் காலியாகக் கிடக்க, அந்த ஒரு பிரிவின் புள்ளியில் கோப்பை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

காலைக் கூட்டத்தில் மாஸ்டர் அவன் தோளைப் பிடித்தார். பிடித்த கை எலும்பில் இடித்துக்கொண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"டேய், உன் எடை என்ன?"

"தெரியல சார்."

பண்டக அறைக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார். முள் கொஞ்சம் நகர்ந்து, போதும் என்று நின்றுவிட்டது. மாஸ்டர் தராசை ஒரு தட்டு தட்டினார். அதற்கு மேல் போகவில்லை.

"மல்யுத்தம் ஆடியிருக்கியா?"

"இல்ல சார்."

"பரவாயில்ல. மத்தவனுங்க எல்லாம் ஆடத் தெரிஞ்சவனுங்க, எடைதான் சரியில்ல. உனக்கு எடை சரியா இருக்கு."

பயிற்சியில் மாஸ்டர் அவனுக்கு விழக் கற்றுக்கொடுத்தார். விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், பின்மண்டை அடிபடக் கூடாது, கையை ஊன்றக் கூடாது. "நீ ஜெயிக்க வேண்டாம்டா. விரிப்புல ரெண்டு காலையும் வை, மிச்சத்த எதிராளி பாத்துப்பான். நீ கலந்துக்கிட்டாலே நமக்குப் புள்ளி." ஊசி கெட்டிக்காரப் பையன். சீக்கிரத்திலேயே பள்ளியில் அவனைப் போல அழகாக விழக்கூடியவன் யாரும் இல்லை என்ற நிலை வந்தது.

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"சார், அடிகிடி பட்டுடுமா?"

"படுறதுக்கு அவன் உடம்புல எடம் எங்கம்மா இருக்கு?" என்றார் மாஸ்டர்.

அந்தப் பதிலில் அவளுக்கு என்ன ஆறுதல் கிடைத்ததோ, வீட்டுக்குப் போய்ப் போட்டிக்கான இறுக்கமான உடுப்பை அவளே தைத்தாள்.

மாநிலப் போட்டி தலைநகரத்து உள்ளரங்கில். எடை பார்க்கும் நாள் காலையில் அரங்கத்துப் படிக்கட்டுகளில் பையன்கள் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேர்வையாய்க் கொஞ்சம் எடை போகட்டும் என்று. சிலர் வாயில் எலுமிச்சைத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு டப்பாவில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் ஊசி ஒருவன்தான்.

அவனுக்கு முன்னால் நின்றிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். கண்கள் உள்ளே போயிருந்தன, உதடு வெடித்திருந்தது. அந்தப் பிரிவில் முந்தைய வருடம் வென்றவன். பிடித்தால் விடமாட்டான் என்பதால் அவனை உடும்பு என்பார்கள். அவன் ஊசியைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்தான்.

"எடை பாக்கறதுக்கு முன்னாடியே திங்கிற?"

"பசிக்குதே" என்றான் ஊசி.

உடும்பு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அந்த வார்த்தையை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

உடும்பு எடையில் தேறினான். ஊசி ஏறியபோது எடை பார்த்த அதிகாரி முள்ளைப் பார்த்துவிட்டு, "இறங்கு, மறுபடி ஏறு" என்றார். பிறகு தானே ஏறிப் பார்த்து இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டார்.

அந்தப் பிரிவுக்கு நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவன் துளியூண்டு எடை கூடுதல். அவனுடைய பயிற்சியாளர் அங்கேயே அவன் தலைமுடியை வெட்டினார், நகத்தை வெட்டினார். முள் அசையவில்லை. பையன் அழுதான். கண்ணீர் போன எடையும் போதவில்லை. இன்னொருவனின் பள்ளி வேன் வழியில் நின்றுபோய், அவன் வந்து சேர்ந்தபோது மேசையை மடித்துவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். நேரே இறுதிப் போட்டி.

எடை பார்த்து முடிந்த நிமிடத்தில் உடும்பு சாப்பிட உட்கார்ந்தான். வாரக்கணக்கில் கனவில் பார்த்ததையெல்லாம் வாங்கி வைத்திருந்தான். அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம், ஒரு குடுவை நிறையப் பால். அவனுடைய பயிற்சியாளர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. காய்ந்து கிடந்த வயிறு அந்த உபசாரத்தைத் தாங்கவில்லை. பிற்பகலில் போட்டி தொடங்கும்போது உடும்பு கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஊசி விரிப்பின் நடுவில் நின்றான். தாடை நெஞ்சோடு, கை ஊன்றக் கூடாது, தாடை நெஞ்சோடு என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் எதிராளியைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஊசியின் கையைத் தூக்கினார். விழுவதற்குத் தயாராக நின்றவன், கையைத் தூக்கியதும் பழக்கதோஷத்தில் விழப் போனான். நடுவர் பிடித்துக்கொண்டார்.

பதக்கம் கழுத்தில் விழுந்த பிறகு உடும்பு வந்தான். முகம் வெளுத்து, கால்கள் பின்னிக்கொண்டு.

"நான் வந்துட்டேன் சார். ஆடலாம்."

"முடிஞ்சுபோச்சு தம்பி" என்றார் நடுவர்.

உடும்பு ஊசியின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. இப்ப ஆடலாமா?"

ஊசி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் அவனை ஒரு கையில் அள்ளிக்கொண்டு வேனில் ஏற்றினார்.

அந்த வருடம் கோப்பை ஊசியின் புள்ளியில்தான் பள்ளிக்கு வந்தது. மூக்கு உடைந்து, காது வீங்கி, நாள் முழுக்க ஆடி இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் வாங்கிய பையன்கள் புகைப்படத்தில் பின்வரிசையில் நின்றார்கள். கீறல்கூட இல்லாத ஊசி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியர் பேசும்போது, உடல் பலம் பெரிதல்ல, மன உறுதியே பெரிது என்பதற்கு இந்தச் சிறுவனே உதாரணம் என்றார். ஊசிக்குத் தாங்கவில்லை. பேச்சு முடிந்து அவர் இறங்கியதும் கிட்டே போய்ச் சொன்னான்:

"சார், நான் ஆடவே இல்ல சார்."

தலைமையாசிரியர் அவன் தலையில் கை வைத்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்."

உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறார்கள், சொல்லாவிட்டால் சாம்பியன் என்கிறார்கள். அந்த வயதிலேயே ஊசிக்கு இது விளங்கிவிட்டது. பேசாமல் இருந்துவிட்டான்.

படிப்பு முடிந்ததும் நகரத்துத் தண்ணீர் வாரியத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் ஒரு அதிகாரி, "உங்களுக்குப் பிடிச்ச பிடி எது?" என்று கேட்டார். ஊசி கொஞ்ச நேரம் யோசித்து, "அது எதிராளியப் பொறுத்தது சார்" என்றான். மூன்று அதிகாரிகளும் தலையாட்டினார்கள். வாரியத்து வேலை என்று ஆனபின் அவனை யாரும் அவன் என்று சொல்வதில்லை. அதனால் இனி அவர். ஊசி என்ற பெயரும் உதிர்ந்துபோனது. வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கும் ஊழியரை வாரியம் முழுவதும் 'சாம்பியன்' என்றே கூப்பிட்டது.

வேலையில் சேர்ந்த வாரமே விளையாட்டுச் செயலாளர் தேடி வந்தார். கணக்குப் பிரிவில் குமாஸ்தா. தான் எதையும் விளையாடியதில்லை என்பதால் விளையாட்டின் மேல் அளவில்லாத பக்தி உள்ளவர்.

"வருஷா வருஷம் எல்லா வாரியத்துக்கும் சேர்த்து போட்டி நடக்குது. மல்யுத்தத்துல நம்மள மின்சார வாரியம்தான் மிதிக்குது. இனிமே கவலையில்ல."

"நம்மள்ல யாரெல்லாம் ஆடுறாங்க?" என்று கேட்டார் சாம்பியன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பம்ப் ஆபரேட்டர் ஒருத்தர்தான் உருப்படியான ஆளு. ஒரு பிரிவுக்கு ஒரு ஆளுதான் போகலாம். மத்த பிரிவெல்லாம் காலி, நீங்க எதுல வேணாலும் நிக்கலாம்."

"பம்ப் ஆபரேட்டர் எந்தப் பிரிவு?"

செயலாளர் சொன்னார். சாம்பியன் மனதில் குறித்துக்கொண்டார். அவருக்கும் பம்ப் ஆபரேட்டருக்கும் நடுவே அப்போது இரண்டு எடைப் பிரிவுகள் இருந்தன. அன்று மாலையிலிருந்து முட்டையும் பாலும் வெண்ணெயுமாக உள்ளே தள்ளத் தொடங்கினார். இயற்கையிலேயே சதை ஒட்டாத உடம்பு. சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தாடை வலித்தது. அம்மா தன் பிரார்த்தனை பலித்துவிட்டதென்று உள்மடித்துத் தைத்திருந்த துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்தபோது சாம்பியன் சரியாகப் பம்ப் ஆபரேட்டரின் பிரிவில் நின்றார்.

"அடடா. ரெண்டு பேரும் ஒரே பிரிவாப் போச்சே" என்றார் செயலாளர்.

"அவரே ஆடட்டும். எனக்கென்ன, நான் நிறைய பாத்துட்டேன்" என்றார் சாம்பியன்.

பம்ப் ஆபரேட்டர் அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டார். மாநிலப் பட்டம் வாங்கிய ஒருவர் தனக்காக ஒதுங்குகிறார் என்று நீரேற்று நிலையம் முழுக்கச் சொன்னார். சாம்பியனின் பெருந்தன்மை பற்றிய பேச்சு அன்றுதான் பிறந்தது.

இதற்குப் பின் அவருடைய உடம்பு அவர் கையில் இல்லை, பம்ப் ஆபரேட்டர் கையில் இருந்தது. பம்ப் ஆபரேட்டருக்குக் கல்யாணமாகி, கேக் செய்வதில் கைதேர்ந்த மனைவி வந்து, அவர் ஒரு பிரிவு மேலே போனார். சாம்பியனும் மேலே போனார். அவர் சர்க்கரை நோய் பயத்தில் கேக்கை விட்டுக் கீழே இறங்கினார். சாம்பியனும் வெறும் முட்டைக்கோஸைத் தின்று இறங்கினார். உணவகத்தில் பம்ப் ஆபரேட்டருக்கு எதிரே உட்கார்ந்து அவர் தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பார்ப்பார். எந்த மல்யுத்த வீரனுக்கும் இருக்க வேண்டிய கட்டுப்பாடு, கணக்கு, விடாமுயற்சி எல்லாமே அவரிடம் இருந்தன. எல்லாவற்றையும் மல்யுத்தம் ஆடாமலிருக்கப் பயன்படுத்தினார்.

எடை பார்க்க அவர் போனது கடைத்தெருவில் இருந்த ஒரு மருந்துக் கடைக்கு. வாசலில் நல்ல இயந்திரம் ஒன்று இருந்தது. கல்லாவில் ஒரு பெண். மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே வாசலில் நிற்பவர்களை எடைபோடுபவள். இந்த மனிதர் நாள் தவறாமல் வருகிறார், இயந்திரத்தில் ஏறுகிறார், பெருமூச்சு விடுகிறார், ஒரு தலைவலி மாத்திரை வாங்குகிறார், போகிறார். அவள் கொஞ்ச நாள் பார்த்தாள். ஒருநாள் மாத்திரையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"உங்களுக்குத் தலவலியே இல்ல, தெரியுமா?"

"எப்படிச் சொல்றீங்க?"

"தலவலிக்காரன் முகம் எனக்குத் தெரியும். நீங்க எதுக்கு வர்றீங்கன்னும் தெரியும். நேரா கேட்டிருக்கலாம்."

சாம்பியன் எடைப் பிரிவு விவகாரம் வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்தார். அவள் முகத்தில் லேசாக வெட்கம் இருந்ததைப் பார்த்தபின்தான் அவள் வேறு எதையோ சொல்கிறாள் என்று புரிந்தது. யோசித்துப் பார்த்தபோது அது நல்ல யோசனையாகவும் பட்டது.

"ஆமாங்க" என்றார்.

மல்யுத்தக்காரன், கை ஓங்குவான் என்று அவள் அண்ணன் பயமுறுத்தினார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்த அன்றே சாம்பியன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கடைசிவரை கேட்டாள். "அப்ப, நீங்க வந்தது அந்த மெஷினுக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. மற்ற பொய்களைப் பற்றி அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

உலகத்தில் அவர் சொன்ன உண்மையை நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

எல்லாம் இப்படியே போயிருக்கும், உடும்பு மட்டும் மின்சார வாரியத்தில் வேலைக்குச் சேராமல் இருந்திருந்தால்.

தண்ணீர் வாரியம் ஒரு தெருவைத் தோண்டி மூடினால், மண் காய்வதற்குள் மின்சார வாரியம் வந்து அதே இடத்தைத் தோண்டும். அப்படி ஒரு பள்ளத்துக்குள் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஆள், மேலே மீட்டர் படித்துக்கொண்டு போனவரின் காலை முதலில் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"என்ன சாம்பியன், பசிக்குதா?"

சாம்பியன் குனிந்து பார்த்தார். பள்ளத்துக்குள்ளிருந்து பார்த்த அந்தக் கண்களை அவருக்குத் தெரியும்.

"நீங்க..."

"நானேதான். இந்த வருஷம் போட்டியில எந்தப் பிரிவு?"

அந்த வருடம் உடும்பு எடை கூட்டிக்கொண்டு சாம்பியனின் பிரிவுக்கு வந்தார். அங்கே பம்ப் ஆபரேட்டர் நின்றார். உடும்பு அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, எழுந்து நின்று, பார்வையாளர் பக்கம் விரலை நீட்டினார். "நான் கேட்டது இவர இல்ல." அடுத்த வருடம் பம்ப் ஆபரேட்டர் ஒரு பிரிவு கீழே போக, சாம்பியனும் போக, தகவல் கேள்விப்பட்டு உடும்பும் பட்டினி கிடந்து கீழே வந்தார். அதற்கடுத்த வருடம் மூவரும் மேலே ஏறினார்கள். இப்படி மூன்று குடும்பஸ்தர்கள் தங்கள் வயிற்றைப் பெருக்கியும் சுருக்கியும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு எடைப் பிரிவுகளில் ஏறி இறங்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பம்ப் ஆபரேட்டருக்கு மட்டும், ஏன் வருடா வருடம் ஒரே ஆளிடம் அடி வாங்குகிறோம் என்று தெரியவே இல்லை. தெரிந்தவரை, சாம்பியன் தனக்கு விட்டுக்கொடுக்கும் கௌரவத்துக்கு அது ஒரு சின்ன விலை என்று நினைத்தார்.

வயது நாற்பதைத் தாண்டியது. மூத்தோர் பிரிவு என்று தனியாக ஒன்று வந்தது. சாம்பியன் இனி நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்த வருடம், எடை பார்த்து முடித்து, பெயரெல்லாம் ஒட்டிய பிறகு, பம்ப் ஆபரேட்டர் அரங்கத்துப் படியில் கால் தவறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து விரிப்பின் ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர் செயலாளரின் கையைப் பிடித்தார்.

"மாற்று ஆள் போகலாமில்ல? அதே எடையில நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரே."

செயலாளர் திரும்பினார். தண்ணீர் வாரியம் மொத்தமும் திரும்பியது. விரிப்பின் அந்தப் பக்கம் உடும்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒரு புன்னகையோடு அவர் நின்றிருக்க மாட்டார்.

மனைவி பக்கத்தில் இருந்தாள். "போங்க. தாடைய நெஞ்சோட வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடன் வாங்கிய உடுப்பில் சாம்பியன் இறங்கினார். நடுவர் ஊதினார். உடும்பின் கை கழுத்தில் விழுந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது ஆச்சரியம்தான். இவ்வளவு வருடத்தில் ஒருவர்கூடத் தன்னை இப்படித் தொட்டதில்லையே. தைல வாசனை அடித்தது. உடும்பு மூச்சு வாங்குவது கேட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது. இழுத்தார், தள்ளினார், சாம்பியன் தடுமாறிக் குனிந்தார். குனிந்த இடத்தில் கண்ணெதிரே உடும்பின் இடது கால் இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தார்.

அந்தக் கால் மேலே எழும்பியது. ஒற்றைக் காலில் உடும்பு தத்தளித்தார். அரங்கம் எழுந்து நின்றது. அந்த நொடியில் சாம்பியனுக்கு ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. நிஜமான ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு, உயிர் போனாலும் விடக்கூடாது என்று பிடித்தார். ஆனால் கையெல்லாம் வேர்வை. கால் வழுக்கி நழுவியது. உடும்பு அதே வேகத்தில் சுற்றி வந்து அவரைத் தூக்கிப் போட்டார். தாடை நெஞ்சோடு சேர்ந்தது, கை ஊன்றவில்லை, மிக அழகாக விழுந்தார். இரண்டு தோளும் விரிப்பில் படிந்தன. நடுவர் விரிப்பை ஓங்கித் தட்டினார்.

கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்த சாம்பியனுக்குச் சிரிப்பு வந்தது. ஆடியாகிவிட்டது. தோற்றாகிவிட்டது. ஊரறிய, விளக்கு வெளிச்சத்தில், ஒளிவுமறைவில்லாமல் தோற்றாகிவிட்டது. இனி யாரும் எதையும் சொல்ல முடியாது. எழுந்து, உடும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்தச் சிரிப்பும் கட்டிப்பிடித்ததும்தான் அவரைக் கெடுத்தன.

"பாத்தியா, காலப் பிடிச்சிட்டு விட்டுட்டாரு" என்றார் நாற்காலியில் இருந்தபடியே பம்ப் ஆபரேட்டர். முட்டி வலியில் அவர் குரல் தழுதழுத்தது, கேட்டவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். "எனக்கு எத்தன வருஷம் விட்டுக்கொடுத்தாரு. இன்னிக்கு எதிராளிக்கே விட்டுக்கொடுத்துட்டாரு."

மின்சார வாரியத்துக்காரர்களிடம் பழைய கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பரிசளிப்பில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒரு பழைய போட்டியில் உடல்நலக் குறைவால் வாய்ப்பிழந்த ஒரு நண்பருக்கு, காலம் கடந்தும் அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்த மாபெரும் உள்ளத்தைப் பற்றிப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது. வென்றவர் மேடையில் பதக்கத்தோடு நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடும்பு வீடு தேடி வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். உட்காரச் சொன்னார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தூங்காத முகம்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"விட்டுக்கொடுத்தியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. கை வழுக்கிடுச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க ஆபீஸ்லயே சொல்றாங்க. என் சம்சாரமே 'அவரு நல்லவருங்க'ங்கறா."

சாம்பியனுக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்றத நம்புங்க. எனக்கு மல்யுத்தமே தெரியாது. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. மாஸ்டர் எனக்கு விழ மட்டும்தான் கத்துக்கொடுத்தாரு. நீங்க அன்னிக்கு வந்திருந்தா ஊதித் தள்ளியிருப்பீங்க. இத்தன வருஷமா உங்களுக்குப் பயந்துதான் எடைய மாத்தி மாத்தி ஓடினேன். என் வாழ்க்கையில நான் ஆடின ஒரே ஆட்டம் அதுதான்."

சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து பாரம் இறங்கியது. எத்தனையோ வருடம் சொல்லத் துடித்ததை, கேட்க வேண்டிய ஆளிடமே சொல்லியாகிவிட்டது.

உடும்பு கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். முகம் மெல்ல மெல்லச் சரிந்தது. அந்தக் கண்கள் பழையபடி உள்ளே போயின.

"அப்ப நான் ஜெயிச்சது," என்றார், "மல்யுத்தம் தெரியாத ஒரு ஆளையா?"

சாம்பியன் கீழே இருந்த ஆப்பிள் பையைப் பார்த்தார்.

"விட்டுக்கொடுத்தேன்னு சொன்னா அது ஜெயிச்சதில்ல. தெரியாதுன்னு சொன்னா அதுவும் ஜெயிச்சதில்ல. இத்தன வருஷம் வயித்தக் கட்டி, வாயக் கட்டி, எதுக்கு உன் பின்னாடி ஓடினேன்?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாள்.

"அவரு பொய் சொல்றாருங்க" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"தோத்துட்டேன்னு ஒத்துக்க வெக்கம். அதான் ஆடவே தெரியாதுங்கறாரு. வருஷம் பூரா எடைய கட்டிக்காத்து, சாப்பாட்ட அளந்து சாப்பிட்டு, தினமும் என் கடைக்கு வந்து எடை பாத்து, இந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவன் எதுக்குங்க இவ்வளவு பாடு படணும்? அன்னிக்குக் கூட வீட்டுக்கு வந்து உக்காந்து அழுதாரு. உங்கள ஜெயிக்க முடியலயேன்னு."

உடும்பு சாம்பியனைப் பார்த்தார். சாம்பியன் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லும் முகமே அல்ல அது. அவள் சொன்னதில் முக்கால்வாசி உண்மையும்கூட.

"அழுதியா?" என்றார் உடும்பு.

சாம்பியன் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம்" என்றார்.

உடும்பு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "வருத்தப்படாத. நீ காலப் பிடிச்சது நல்ல பிடி. நான் கொஞ்சம் அசந்திருந்தா அவ்வளவுதான், கதை முடிஞ்சிருக்கும்." அந்தக் குரலில் ஒரு சாம்பியனை வென்றவனுக்கு மட்டும் வரக்கூடிய கனிவு இருந்தது. தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது தெருவில் அவருடைய நடையே வேறு மாதிரி இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து சாம்பியன் உட்கார்ந்தார்.

"ஒருத்தன்கிட்டயாவது நிஜத்தச் சொல்லிடலாம்னு பாத்தேன்."

"சொன்னீங்கல்ல. அது அவருக்கு எங்க ஒத்துவந்துச்சு?" என்றாள் அவள். மடித்த துணிகளை அடுக்கினாள். "ஆப்பிள் நல்லாருக்கு. தின்னுங்க. இனி யாரும் உங்களத் துரத்த மாட்டாங்க."

அவர் ஒரு ஆப்பிளை எடுத்து, கடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நிஜமாவே நல்ல பிடியா அது?"

"அவருதான் சொல்றாரே."

"நீ பாத்தியா?"

"எனக்கு முன்னாடி நின்னவங்க மறைச்சுட்டாங்க."

அவர் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "இப்படித்தான் குனிஞ்சேன்" என்று முட்டியை மடக்கிக் காட்டினார். "அவன் கழுத்த அமுக்கறான். எனக்கு ஒண்ணும் தெரியல. பாத்தா எதிர்ல இடது காலு." நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்தார். நாற்காலி தரையிலிருந்து எழும்பியது. அவள் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். "விசில் ஊதினதுல இருந்து."